ஹேண்டில் ஒரு பக்கம், வண்டி ஒரு பக்கம்: பைக் ஸ்டியரிங் கோணலைக் கண்டுபிடிப்பது எப்படி?

வண்டி நேராகத்தான் போகிறது, ஆனால் ஹேண்டில் பார் லேசாக இடது பக்கம் திரும்பியே நிற்கிறது. அல்லது ஹேண்டில் நேராக இருக்கிறது, வண்டி ஓரமாக ஒதுங்கிக்கொண்டே போகிறது. இரண்டுக்கும் நாம் "ஹேண்டில் கோணல்" என்று ஒரே பெயர்தான் வைத்திருக்கிறோம். பெயர் ஒன்றாக இருப்பதால், எல்லோரும் முதலில் கை வைப்பதும் ஒரே இடத்தில்: ஹேண்டிலைப் பிடித்திருக்கும் நாலு போல்ட்.

அந்த போல்ட்டைத் தளர்த்தினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். குழாய் ஹேண்டில் உள்ள வண்டிகளில் அது முன்னும் பின்னுமாக உருளும். கொஞ்சம் பக்கவாட்டில் நகரும். இடம் வலமாகத் திரும்பவே திரும்பாது. அதனால் கோணலும் போகாது. காரணம் வேறு இடத்தில் இருக்கிறது. பல நேரம் அது பின் சக்கரம்தான். கீழே சொல்லும் வரிசையில் பார்த்துக்கொண்டு வந்தால், எதையும் கழற்றாமலேயே அந்த இடத்தை நெருங்கிவிடலாம்.

முதலில், வண்டி என்ன செய்கிறது?

வெறிச்சோடிய, நேரான, சமதளமான சாலையில் மிதமான வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். கையை ஹேண்டிலிலிருந்து எடுக்க வேண்டாம். பிடியைத் தளர்த்தினாலே போதும், வண்டியின் விருப்பம் தெரிந்துவிடும். மழைத்தண்ணீர் வடிவதற்காகப் பெரும்பாலான சாலைகள் நடுவில் மேடாகவும் ஓரத்தில் சரிவாகவும் இருக்கும். எந்த வண்டியும் அந்தச் சரிவுப் பக்கம் கொஞ்சம் ஒதுங்கும். அதனால் சாலையின் இரண்டு ஓரத்திலும் ஓட்டிப் பார்க்க முடிகிற இடமாக இருந்தால் நல்லது. இரண்டு இடத்திலும் ஒரே பக்கம் இழுத்தால்தான் குறை வண்டியில் இருக்கிறது என்று அர்த்தம். ஒரு பக்கம் மட்டும் பை, பெட்டி தொங்கினாலும் இழுக்கும், கழற்றி வைத்துவிடுங்கள்.

கவனித்ததை ஒரு தாளில் எழுதி வையுங்கள். வண்டி நேராகப் போகும்போது ஹேண்டில் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது? எப்போதும் இழுக்கிறதா, பிரேக் பிடித்தால் மட்டுமா? மெதுவாகப் போகும்போது வண்டி தள்ளாடுகிறதா? வேகம் குறையும்போது ஹேண்டில் படபடவென்று ஆடுகிறதா? பிரேக் பிடித்தால் மட்டும் இழுக்கிறது என்றால், அது வேறு கதை. முன் பிரேக்கையும், முன் சக்கரத்தைத் தாங்கும் இரட்டைக் குழாயான ஃபோர்க்கையும் பார்க்க வேண்டும். மற்றவைக்குத் தொடர்ந்து படியுங்கள்.

காற்றும் டயரும்

சலிப்பான வேலைதான், ஆனால் இதைத் தாண்டிப் போகக் கூடாது. வண்டி சூடாவதற்கு முன், ஸ்டிக்கரில் போட்டிருக்கும் அளவுக்கு இரண்டு டயரிலும் காற்று இருக்கிறதா என்று பாருங்கள். முன் டயரில் காற்று குறைந்தால் ஹேண்டில் கனமாகும், கோன் செட் (ஹேண்டில் திரும்ப உதவும் பேரிங்) போய்விட்டது என்று நினைக்க வைக்கும். அப்புறம் டயரின் தேய்மானம். ஒரு தோள் மட்டும் அதிகமாகத் தேய்ந்திருந்தால் அதுவே வண்டியை இழுக்கும். சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிச் சுற்றிவிட்டு, ரிம் ஆடுகிறதா, டயர் ரிம்மில் ஒரே சீராக உட்கார்ந்திருக்கிறதா என்றும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

கோன் செட்

ஹேண்டில் திரும்புவதற்காக, ஃபிரேமின் கழுத்துப் பகுதியில் மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக பேரிங் இருக்கும். இதைத்தான் கோன் செட் என்கிறோம். சென்டர் ஸ்டாண்ட் போட்டு, பின்பக்கம் ஒருவரை அழுத்திப் பிடிக்கச் சொல்லி, முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்குங்கள். சென்டர் ஸ்டாண்ட் இல்லாவிட்டால் எஞ்சினுக்கு அடியில் உறுதியான ஜாக்கி வேண்டும். சைடு ஸ்டாண்டில் சாய்த்து வைத்துச் செய்யும் வேலை இல்லை இது.

ஹேண்டிலை ஒரே ஒரு விரலால், மிக மெதுவாக, ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை திருப்புங்கள். சரியாக நடுவுக்கு வரும்போது "டக்" என்று ஒரு பள்ளத்தில் விழுந்து நிற்கிற மாதிரி இருந்தால், பேரிங் போய்விட்டது. ஏன் நடுவில் மட்டும்? வண்டி பெரும்பாலும் நேராகத்தான் ஓடுகிறது. குழிகளில் விழும் ஒவ்வொரு அடியையும் அதே குண்டுகள் அதே இடத்தில் வாங்கி, பாதையில் சின்னச் சின்னக் குழி விழுந்துவிடுகிறது. ஓட்டும்போது நம் கை தன்னையறியாமல் செய்யும் சிறு திருத்தங்களை அந்தக் குழி தடுக்கிறது. மெதுவாகப் போகும்போது வண்டி தள்ளாடுவது இதனால்தான். கிரீஸ் வைத்தால் சரியாகுமா என்று கேட்பார்கள். ஆகாது, செட்டை மாற்றத்தான் வேண்டும்.

அடுத்து, முன்னால் உட்கார்ந்து ஃபோர்க்கின் கீழ்முனைகள் இரண்டையும் பிடித்து முன்னும் பின்னும் இழுத்துத் தள்ளுங்கள். ஆட்டம் தெரிந்தால் அது கோன் செட்டா, ஃபோர்க்குக்குள் தேய்ந்த புஷ்ஷா (குழாய் சறுக்கும் உறை) என்று பிரித்துப் பார்க்க வேண்டும். ஒரு கையால் ஆட்டிக்கொண்டே, மறு கையின் விரலை ஃபிரேமின் கழுத்தும், ஃபோர்க் குழாய்களை இறுக்கிப் பிடிக்கும் கீழ் கிளாம்ப்பும் சந்திக்கும் இடுக்கின் மேல் வையுங்கள். அங்கே அசைவு விரலில் பட்டால் கோன் செட் லூஸ். அங்கே அசையாமல் ஃபோர்க்கின் குழாயும் அடிப்பகுதியும் சேரும் இடத்தில் அசைந்தால், புஷ். லூஸ் என்றால் உடனே முரட்டுத்தனமாக இறுக்கிவிடாதீர்கள். அளவுக்கு மீறி இறுக்கினால் ஹேண்டில் கனத்து, வண்டி பழையபடி தள்ளாடும்.

இன்னொன்று. சக்கரம் தூக்கியபடியே இருக்கும்போது ஹேண்டிலை நடுவில் வைத்து இடது பக்கம் லேசாகத் தட்டிவிடுங்கள், பிறகு வலது பக்கம். இரு பக்கமும் ஒரே மாதிரி தானாகச் சரிய வேண்டும். ஒரு பக்கம் சரிந்து மறுபக்கம் தயங்கினால் கேபிளோ ஒயரிங்கோ இழுத்துப் பிடிக்கிறது. வண்டி ஒரு பக்கம் இழுப்பதற்கு இப்படி ஒரு அற்பக் காரணமும் உண்டு.

பின் சக்கரம்: நூல் பிடித்துப் பார்ப்பது

என்னைக் கேட்டால், கீழே விழாத வண்டியில் ஹேண்டில் கோணலாகத் தெரிந்தால் முதல் சந்தேகம் இங்கேதான் வர வேண்டும். அதிலும் சமீபத்தில் செயின் டைட் செய்திருந்தால் கேட்கவே வேண்டாம்.

செயின் இறுக்கும்போது பின் ஆக்சிலை (சக்கரத்தின் நடு அச்சை) இரண்டு பக்கமும் சமமாகப் பின்னுக்கு இழுக்க வேண்டும். இடது பக்கம் கூடுதலாக இழுபட்டால் பின் சக்கரம் இடது பக்கம் பார்த்து நிற்கும். சக்கரம் பார்க்கும் திசையில்தான் வண்டி போகும். உடல் மட்டும் சற்று ஒருக்களித்திருக்கும். நேராகப் போக வேண்டுமானால் முன் சக்கரமும் அதே அளவு இடது பக்கம் திரும்பித்தான் ஆக வேண்டும். உங்கள் கண்ணுக்கு அது இடது பக்கம் கோணலான ஹேண்டிலாகத் தெரியும். ஆக, ஹேண்டில் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறதோ அந்தப் பக்க அட்ஜஸ்டர் (ஆக்சிலைப் பின்னுக்கு இழுக்கும் திருகு) அதிகமாக இழுபட்டிருக்கிறதா என்று பாருங்கள். தாளில் எழுதி வைத்தது இப்போது உதவும்.

பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மில் கோடுகள் போட்டிருப்பார்கள், அதை வைத்தே சரிபார்த்துவிடலாமே என்று தோன்றும். எல்லா வண்டியிலும் அந்தக் கோடுகள் துல்லியமாக இருப்பதில்லை. நூலை நம்புங்கள்.

வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். நீளமான, விறைப்பாக நிற்கும் நூலின் நடுப்பகுதியைப் பின் டயரின் பின்பக்கமாகச் சுற்றி, இரண்டு முனைகளையும் இரு பக்கமும் முன்னால் கொண்டுவாருங்கள். ஸ்டாண்ட், சைலன்சர் எதிலும் உரசாத உயரம் வேண்டும். முன் டயரைத் தாண்டி, இரண்டு பக்கமும் கனமான ஏதாவது ஒன்றில் கட்டுங்கள். இப்போது ஒவ்வொரு நூலையும் வெளியிலிருந்து மெல்ல உள்ளே நகர்த்திக்கொண்டே வாருங்கள். பின் டயரின் முன்விளிம்பை நூல் தொட்டும் தொடாமலும் நிற்கும் இடத்தில் நிறுத்துங்கள். அதற்கு மேல் நகர்த்தினால் நூல் வளைந்துவிடும், அளவு பொய்யாகும். இரு பக்கமும் இப்படி வைத்தபின், பின் சக்கரம் பார்க்கும் திசையில் இரண்டு நேர்கோடுகள் கிடைத்துவிட்டன.

முன் டயர் பெரும்பாலும் ஒல்லியாக இருக்கும், அதனால் நூலுக்கும் அதற்கும் இடையில் இடைவெளி தெரியும். ஒரு பக்கத்தில் டயரின் முன்விளிம்பிலும் பின்விளிம்பிலும் இடைவெளி ஒன்றாக வரும்வரை ஹேண்டிலை மெல்லத் திருப்புங்கள். அப்படி வந்ததும் அளவுகோலால் இடது இடைவெளியையும் வலது இடைவெளியையும் அளந்து பாருங்கள். இரண்டும் சமமா? பின் சக்கரம் சரி. இல்லையென்றால் ஆக்சில் நட்டைத் தளர்த்தி, ஒரு பக்க அட்ஜஸ்டரைக் கொஞ்சமே கொஞ்சம் திருப்பி, மறுபடி நூலைச் சரிசெய்து அளக்க வேண்டும். இதில் பொறுமை தேவை. இரண்டு அட்ஜஸ்டருக்கும் நடுவே 200 மி.மீ., இரண்டு ஆக்சிலுக்கும் நடுவே 1,300 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வெறும் 1 மி.மீ. பிசகினால் முன் சக்கரம் இருக்கும் இடத்தில் கோடு 6 மி.மீ.க்கு மேல் விலகிவிடும். முடிந்ததும் செயின் தொய்வையும் ஒருமுறை பார்த்துவிட்டு ஆக்சில் நட்டை இறுக்குங்கள்.

சில மாடல்களில் இரண்டு சக்கரங்களும் ஒரே கோட்டில் இல்லாமல் சற்று விலகி இருப்பதே வடிவமைப்பு. அட்ஜஸ்டரோடு சண்டை போடுவதற்கு முன் சர்வீஸ் மேனுவலைப் பாருங்கள். ஸ்கூட்டர்களில் இந்த அட்ஜஸ்டர் வேலையே கிடையாது. அங்கே பின் சக்கரம் சாய்ந்திருந்தால் எஞ்சினைத் தாங்கும் புஷ் தேய்ந்ததா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

ஹேண்டிலா, ஃபோர்க்கா?

நூலை இன்னும் அவிழ்க்காதீர்கள். இரண்டு சக்கரமும் ஒரே கோட்டில் நிற்கும் இந்த நேரத்தில் சீட்டில் இருந்தபடி ஹேண்டிலைப் பாருங்கள். இப்போதும் கோணல் தெரிந்தால் குறை முன்பக்கம்தான். வண்டி எப்போதாவது விழுந்திருக்கும், அல்லது எதிலாவது இடித்திருக்கும்.

வண்டியின் பக்கவாட்டில் சில அடி தள்ளிக் குத்துக்காலிட்டு உட்காருங்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, பக்கத்திலிருக்கும் ஃபோர்க் குழாயால் அந்தப்பக்கக் குழாயை மறைக்கப் பாருங்கள். மேலிருந்து கீழ்வரை முழுக்க மறைந்தால் நல்லது. மேலே மறைந்து, கீழே அந்தக் குழாய் முன்னோ பின்னோ எட்டிப்பார்த்தால், ஃபோர்க் கிளாம்ப்புக்குள் முறுக்கிக்கொண்டிருக்கிறது, அல்லது ஒரு குழாய் வளைந்திருக்கிறது. உறுதிப்படுத்த, தட்டையான கெட்டிக் கண்ணாடித் துண்டு ஒன்றை இரண்டு குழாய்களின் மேலும் ஒட்டினாற்போல் வைத்து, நாலு மூலையிலும் மாறி மாறி அழுத்துங்கள். ஆடாமல் உட்கார்ந்தால் குழாய்கள் ஒரே தளத்தில் இருக்கின்றன. ஆடினால், இல்லை.

ஃபோர்க் சரியாக இருந்து ஹேண்டில் மட்டும் கோணல் என்றால், அதன் இரு முனைகளிலிருந்தும் சீட்டின் பின்னால் நடுமையத்தில் உள்ள ஒரு புள்ளிவரை நூலால் அளந்து பாருங்கள். தரையிலிருந்து இரு முனைகளின் உயரத்தையும் அளவெடுங்கள். வித்தியாசம் வந்தால் ஒன்று ஹேண்டில் வளைந்திருக்கிறது, அல்லது அதைத் தாங்கும் ரப்பர் புஷ் நைந்திருக்கிறது. புஷ் சல்லிசான சாமான், முதலில் அதைப் பாருங்கள். வளைந்த ஹேண்டிலை நெம்பி நிமிர்த்தச் சிலர் சொல்வார்கள். வேண்டாம். வளைந்த இடத்தில் உலோகம் பலமிழந்திருக்கும், அலுமினியம் என்றால் விரிசலே விட்டிருக்கலாம். புதுசு போடுங்கள்.

முறுக்கிய ஃபோர்க்கை நேராக்குவது

சின்ன விழுதலில் குழாய் வளையாமல் கிளாம்ப்புக்குள் முறுக்க மட்டும் செய்திருந்தால், இதைக் கூடமாட ஒருவர் இருந்தால் வீட்டிலேயே செய்யலாம். முன்பக்கத்தின் எடையை ஜாக்கியில் தாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் டயர் தரையைத் தொட்டபடி இருக்கட்டும். மேல் கிளாம்ப்புக்கு மேலே குழாய் எவ்வளவு நீண்டிருக்கிறது என்று இரு பக்கமும் அளந்து எழுதிவிடுங்கள். பிறகு மட்கார்ட் போல்ட், முன் ஆக்சில், கீழ் கிளாம்ப் போல்ட், கோன் செட் வழியாகப் போகும் நடுத்தண்டின் மேல் நட்டு, மேல் கிளாம்ப் போல்ட் எல்லாவற்றையும் தளர்த்துங்கள். கழற்றுவதில்லை, பிடி விடும் அளவுக்கு மட்டும். முன் சக்கரத்தை முழங்கால்களுக்கு இடையில் இடுக்கிக்கொண்டு ஹேண்டிலை நேருக்குத் திருப்புங்கள். போல்ட்டைத் தளர்த்தாமல் இப்படித் திருகினால் வந்த மாதிரி இருக்கும், அடுத்த பள்ளத்தில் திரும்பப் போய்விடும்.

குழாயின் உயரம் மாறவில்லை என்று பார்த்துவிட்டு முதலில் கீழ் கிளாம்ப்பை இறுக்குங்கள், பிறகு நடு நட்டு, அப்புறம் மேல் கிளாம்ப். ஜாக்கியை எடுத்து, முன் பிரேக்கைப் பிடித்தபடி ஃபோர்க்கை நாலைந்து முறை நன்றாக அமுக்கி விட்டு, கடைசியில் ஆக்சிலையும் மட்கார்டையும் இறுக்குங்கள். எவ்வளவு இறுக்கம் என்பதை மேனுவல் சொல்லும். டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) இல்லாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம். ஆட்டம் இருக்கிறதா என்று கோன் செட்டை மறுபடி பார்ப்பதும் அவசியம், ஏனென்றால் நடு நட்டைத் தொட்டிருக்கிறீர்கள்.

இவ்வளவு செய்தும் குழாய்கள் மேல் வைத்த கண்ணாடித் துண்டு ஆடுகிறதா? குழாயைக் கழற்றிச் சமதளத்தில் உருட்டிப் பார்த்தால் வளைவு தெரிந்துவிடும். டேங்க்குக்கு அடியில், ஃபிரேமின் கழுத்தருகே பெயிண்ட் சுருங்கியோ வெடித்தோ இருந்தாலும், முன் டயருக்கும் எஞ்சினுக்கும் இருந்த இடைவெளி குறைந்திருந்தாலும், வண்டியை ஓட்டாமல் ஏற்றிக்கொண்டு போய் ஃபிரேம் அளக்கத் தெரிந்தவரிடம் விடுங்கள். அளந்த தாளையும் கையில் கொடுங்கள், அவருக்குப் பாதி வேலை மிச்சம்.

சரியாகிவிட்டது என்றால், வெளியே எடுப்பதற்கு முன் எஞ்சினை ஐடிலில் ஓடவிட்டு ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்பிப் பாருங்கள். ரேஸ் தானாக ஏறினால் ஆக்சிலரேட்டர் கேபிள் எங்கோ இழுபடுகிறது, அதன் பாதையைச் சரிசெய்யுங்கள். பிரேக் ஹோஸ் எங்கும் நசுங்கவில்லை என்பதையும் பார்த்துவிட்டு, அதே சாலையில், அதே மிதமான வேகத்தில் ஓட்டுங்கள். திரும்பி வந்ததும் தளர்த்திய போல்ட் ஒவ்வொன்றிலும் மறுபடி ரெஞ்ச் வைத்துப் பார்த்துவிடுங்கள்.