ஜூலை 1 அன்று சங்கம் புதிதாகப் பிறப்பதில்லை

போன வாரம் எங்கள் சேவைச் சங்கத்தில் ஜூலை 1 அன்று பொறுப்பேற்கப்போகும் அடுத்த ஆண்டுச் செயலாளர் தன் திட்டத் தாளைக் கொண்டுவந்து காட்டினார். பன்னிரண்டு மாதம், பன்னிரண்டு சேவைத் திட்டம், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு தேதி, திறந்து வைப்பவர் பெயரை எழுத ஒரு கட்டம். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. நான் தலைவராக இருந்த ஆண்டில் போட்ட தாளும் அச்சு அசலாக இதேதான், கட்டங்கள்கூட அதே வரிசை.

தாமதமாக வருவது, நடுவில் போன் அடிப்பது, நன்றியுரையில் ஒருவர் பெயர் விட்டுப்போவது இதையெல்லாம் நான் எழுதப்போவதில்லை. இரண்டு கூட்டத்தில் யாராவது முறைத்தால் தானாகச் சரியாகிவிடும். ஒருமுறை செய்துவிட்டால் பல வருடம் விடாமல் துரத்துகிற தவறுகள் சில இருக்கின்றன, அவற்றை மட்டும் சொல்கிறேன். ரோட்டரி, லயன்ஸ், கிவானிஸ், இல்லை எந்தப் பெரிய அமைப்போடும் சேராமல் நீங்களே நாலு பேர் சேர்ந்து ஆரம்பித்தது, எந்தச் சங்கமானாலும் இதில் பெரிய வித்தியாசம் கிடையாது.

பேச்சாளரைக் கடைசியில் வைப்பது

ஒரு மணி நேரக் கூட்டம். தலைவர் மணியடித்துத் தொடங்குவார், வரவேற்பு, பிறந்தநாள் வாழ்த்து, செயலாளரின் அறிவிப்புகள், பொருளாளரின் சந்தா நினைவூட்டல், அப்புறம் போன வாரம் வெளியூர்ச் சங்கம் ஒன்றின் கூட்டத்துக்குப் போய் வந்தவர் அதைப் பற்றி "ஒரே ஒரு நிமிடம்". பேச்சாளர் எழும்போது பன்னிரண்டு நிமிடம் மிச்சமிருக்கும்.

ஒருமுறை தீக்காயப் பிரிவில் வேலை செய்யும் செவிலியர் ஒருவரை அழைத்திருந்தோம். இரவுப் பணி முடித்து, சரியாகத் தூங்காமல் வந்திருந்தார். கையில் எட்டுப் பக்கம் குறிப்பு. எங்கள் அறிவிப்புகள் இழுத்துக்கொண்டே போக, அவர் அந்தத் தாள்களில் ஒவ்வொன்றாக உருவி, மடித்து, பைக்குள் வைத்துக்கொண்டே இருந்ததை நான் மேடையிலிருந்து பார்த்தேன். கடைசியில் இரண்டே பக்கத்தோடு எழுந்தார். வீட்டில் தீ விபத்து நடந்தால் முதல் பத்து நிமிடத்தில் என்ன செய்ய வேண்டும் என்பது அந்த மடித்து வைத்த பக்கங்களில் எங்கோ இருந்திருக்கும். நாங்கள் கேட்கவே இல்லை.

இப்போது எங்கள் சங்கத்தில் இருபதாவது நிமிடம் பேச்சாளர் எழுந்துவிடுவார். அறிவிப்புகள் முந்தின நாளே வாட்ஸ்அப்பில் போய்விடும். சொல்லியே ஆக வேண்டியது ஏதாவது இருந்தால் பேச்சுக்குப் பிறகு சொல்லலாம்.

கூட்டத்தைக் குறைத்தால் கூட்டம் வரும் என்று நினைப்பது

1905 பிப்ரவரி 23 அன்று சிகாகோவில் ரோட்டரியைத் தொடங்கிய பால் ஹாரிஸும் இன்னும் மூன்று பேரும் ஒரு அலுவலக அறையில் உட்கார்ந்து பேசினார்கள். அப்புறம் ஒவ்வொரு உறுப்பினரின் அலுவலகத்திலும் மாற்றி மாற்றிச் சந்தித்தார்கள், அந்தச் சுழற்சியிலிருந்துதான் ரோட்டரி என்ற பெயரே வந்தது. வாராவாரம் சந்திப்பது நெடுங்காலம் கட்டாய விதியாக இருந்தது. 2016-ல் அதைத் தளர்த்தி, மாதத்துக்கு இரண்டு கூட்டமாவது இருந்தால் போதும் என்றார்கள். நல்ல மாற்றம்தான், குழந்தை வைத்திருப்பவர்களுக்கும் ஷிப்ட் வேலைக்காரர்களுக்கும் இது இல்லாமல் முடியாது.

ஆனால் நாற்காலிகள் காலியாக இருக்கின்றன என்பதற்காகக் கூட்டத்தைப் பாதியாக்கினால், காலி நாற்காலிகளைப் பாதித் தடவை பார்ப்பீர்கள், அவ்வளவுதான் மாறும். ஏன் வரவில்லை என்று வராதவரிடம் கேளுங்கள். நான் ஆறு பேருக்குப் போன் செய்தேன், நாலு பேர் ஒரே பதிலைச் சொன்னார்கள்: "வந்தா எனக்கு அங்க வேலை ஒண்ணும் இல்லையே மேடம்."

போன வருடத்துத் திட்டத்தைக் கைவிடுவது

இதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். இத்தனை வருடம் கழித்தும் நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது.

நான் தலைவரான ஆண்டில் ஒரு பள்ளிக்குக் குடிநீர் சுத்திகரிப்பு இயந்திரம் கொடுத்தோம். முந்தின தலைவர் பெஞ்சுகள் கொடுத்திருந்தார், அதனால் நாங்கள் வேறு ஏதாவது கொடுக்க வேண்டும் என்று மூன்றாவது வாரக் கூட்டத்தில் கால் மணி நேரத்தில் முடிவானது. பள்ளியில் யாரும் கேட்கவில்லை. நாங்கள் போய், "கொடுக்கிறோம்" என்று சொன்னோம், அவர்கள் சந்தோஷமாகச் சரி என்றார்கள், இலவசமாக வருவதை யார் வேண்டாம் என்பார்கள்? ரிப்பன் வெட்டினோம், படம் எடுத்தோம், சுவரில் சங்கத்தின் பெயரும் என் பெயரும் பொறித்த கறுப்புக் கல் ஒன்றைப் பதித்தோம்.

இரண்டு வருடம் கழித்து, கண் பரிசோதனை முகாமுக்காக அதே பள்ளிக்குப் போனேன். தாழ்வாரத்தின் கடைசியில் அந்த இயந்திரம் நின்றது. குழாயின் வாய் காய்ந்து கிடந்தது. மேல்மூடியில் தூசி, அதில் ஏதோ ஒரு பிள்ளை விரலால் பூனைப் படம் வரைந்திருந்தது. கீழே துடைப்பங்கள் சாத்தி வைத்திருந்தார்கள். கல்வெட்டு மட்டும் பளபளவென்று இருந்தது, வாரம் ஒருமுறை துடைக்கிறார்களாம், நாங்கள் வந்தால் வருத்தப்படக் கூடாதே என்று.

தலைமையாசிரியை குறை சொல்லவில்லை, மெதுவாகத்தான் சொன்னார். ஏழாவது மாதத்தில் ஃபில்டர் மாற்றச் சொல்லி விளக்கு எரிந்திருக்கிறது. சங்கத்துக்கு இரண்டு கடிதம் போட்டிருக்கிறார். கடிதம் போனது எங்கள் பழைய செயலாளரின் வீட்டு முகவரிக்கு, அவர் அதைப் புதிய குழுவிடம் கொடுத்தார், கொடுத்தது மினிட்ஸ் எனும் கூட்டக் குறிப்பிலும் இருக்கிறது. அதற்குக் குழு சொன்ன பதிலும் மினிட்ஸில் இருக்கிறது: "அது போன வருடத்துத் திட்டம்."

இந்த ஒரு வாக்கியத்தை நான் எத்தனை சங்கங்களில் கேட்டுவிட்டேன்! தண்ணீர் குடிக்கிற பிள்ளைக்குப் போன வருடம், இந்த வருடம் என்று இருக்கிறதா? ஜூலை 1 அன்று தலைவர் மாறுவார், செயலாளர் மாறுவார், பேட்ஜ் மாறும். கொடுத்த வாக்கு சங்கத்தினுடையது, அது அப்படியேதான் இருக்கும்.

இன்னொன்றும் அன்றைக்குத்தான் தெரிந்தது. முகாமுக்கு வந்திருந்த தண்ணீர் பரிசோதகர் நண்பர் ஒருவர் சும்மா ஒரு குவளையில் பள்ளித் தண்ணீரைப் பிடித்து அளந்து பார்த்தார். கரைந்த உப்பின் அளவு லிட்டருக்கு 200 மில்லிகிராமைக்கூடத் தொடவில்லை. உப்பை நீக்குவதற்காக உள்ள ஆர்ஓ இயந்திரம் அந்தத் தண்ணீருக்குத் தேவையே இல்லை, அது ஓடிய ஏழு மாதமும் பாதிக்கு மேல் தண்ணீரைச் சாக்கடைக்குத்தான் அனுப்பியிருக்கும். பள்ளியின் உண்மையான பிரச்சினை கிருமி. ஏனென்றால் மேல்தொட்டிக்கு மூடி இல்லை. ஒரு மூடி, வருடத்துக்கு இரண்டு முறை தொட்டி கழுவ ஒரு ஆள், கிருமியைக் கொல்ல அளவாகக் குளோரின், முடிந்தது. இதைத் தலைமையாசிரியை முதல் நாளே சொல்லியிருப்பார். நாங்கள் கேட்டிருந்தால்.

தலைவர்கள் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால்தான் இப்படி ஆகிறது என்று சொல்பவர்கள் உண்டு. நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 1985-ல் ரோட்டரி போலியோ ஒழிப்பைக் கையில் எடுத்தது, அன்றிலிருந்து எத்தனை தலைவர்கள் வந்து போய்விட்டார்கள், வேலை இன்னும் நடக்கிறது. 1925-ல் ஹெலன் கெல்லர் லயன்ஸ் மாநாட்டில் பார்வையற்றவர்களுக்காகப் பேசி உதவி கேட்டார், நூறு வருடமாக லயன்ஸ்காரர்கள் கண் சேவையை விடவில்லை. அவ்வளவு ஏன், ரோட்டரியின் ஆரம்ப காலப் பொதுப்பணியே சிகாகோவில் பொதுக் கழிப்பிடம் அமைத்தது. கழிப்பிடத்தைத் திறந்து வைத்துவிட்டுப் போய்விட முடியுமா? மறுநாள் காலையிலிருந்து யாராவது கழுவியாக வேண்டும். எந்தத் திட்டமானாலும் அதை ஒரு கழிப்பிடம் என்று நினைத்துப் பாருங்கள், என்ன திட்டமிட வேண்டும் என்பது உடனே தெரிந்துவிடும்.

சரி, நாங்கள் இப்போது என்ன செய்கிறோம்? முதலில், பொருள் வாங்கும் பணத்தோடு இரண்டு வருடப் பராமரிப்புப் பணத்தையும் சேர்த்துத்தான் எஸ்டிமேட் போடுகிறோம். அந்தத் தொகை இல்லையென்றால் திட்டம் சின்னதாகும், இல்லை தள்ளிப்போகும். சுத்திகரிப்பு இயந்திரம் என்றால் முன்வடிகட்டிகளை ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள்ளும், ஆர்ஓ சவ்வை இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறையும் மாற்ற வேண்டியிருக்கும், இது வாங்கும்போதே தெரிந்த செலவுதான். பெறுபவர்களோடு ஒரு பக்க ஒப்பந்தம் எழுதுகிறோம்: சாவி யாரிடம், பழுதானால் யார் யாருக்குச் சொல்வது, எந்தத் தேதிக்குப் பிறகு அது முழுக்க அவர்கள் பொறுப்பு. அந்தக் கடைசி வரியைச் சொல்லச் சங்கடமாக இருக்கும், ஆனால் சொல்லாமல் விட்டால் இரண்டு பக்கமும் மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று காத்திருக்கும்.

அப்புறம் வாராந்திரக் கூட்டம். மாதத்தின் இரண்டாவது கூட்டத்தில் ஐந்து நிமிடம் "பழைய பணிகள்" என்று நிகழ்ச்சி நிரலிலேயே அச்சாகிவிடும். ஒரு தடித்த நோட்டு இருக்கிறது, கடந்த ஐந்து வருடத்தில் கொடுத்தது எல்லாம் அதில் வரிசையாக. அந்த மாதம் யார் எந்த இடத்துக்கு நேரில் போய்ப் பார்த்தார், ஓடுகிறதா இல்லையா, இவ்வளவுதான் வாசிக்கப்படும். "போன் பண்ணிக் கேட்டேன், நல்லா இருக்காம்" என்பது கணக்கில் சேராது. பல சங்கங்களில் முந்தைய தலைவரும் நிர்வாகக் குழுவில் இருப்பார் அல்லவா, அவருக்கு இந்த நோட்டைக் கொடுத்துவிடுங்கள். வராத உறுப்பினர்கள் சொன்ன பதில் நினைவிருக்கிறதா? நேரில் போய்ப் பார்க்கிற வேலையை அவர்களுக்குக் கொடுத்தோம். நாலு பேரில் மூன்று பேர் திரும்ப வருகிறார்கள்.

புதிய தலைவருக்குத் தன் பெயரில் ஒன்று வேண்டும் என்ற ஆசை இருக்கும், அதைத் தப்பு என்று நான் சொல்ல மாட்டேன், எனக்கும் இருந்தது. ஆனால் வருடத்துக்கு ஒன்று போதும். மிச்ச பதினொரு மாதத்துக்கு ஏற்கெனவே கொடுத்தவை இருக்கின்றன.

சங்கம் தொடங்கிய நாளில் ரத்ததான முகாம்

எல்லாச் சங்கங்களும் முகாம் வைக்க அதே மாதிரி விசேஷ நாட்களையே தேடுகின்றன, ரத்தம் ஒரே வாரத்தில் வந்து குவிகிறது. பிளேட்லெட் சுமார் 5 நாள்தான் தாங்கும், சிவப்பணுக்கள் 35 முதல் 42 நாள் வரை. கொடுத்தவர்கள் மறுபடி கொடுக்க எட்டு வாரமாவது ஆகும், பல இடங்களில் இன்னும் அதிகம். ஆக, குவிந்ததில் ஒரு பகுதி காலாவதியாகும், அடுத்த மாதம் தேவை வரும்போது கொடுக்க ஆள் இருக்காது. ரத்த வங்கிக்குப் போன் செய்து "எந்த வாரம் உங்களுக்குத் தட்டுப்பாடு, எத்தனை யூனிட் போதும்" என்று கேளுங்கள். பெரும்பாலும் நீண்ட விடுமுறைக் காலத்தைச் சொல்வார்கள், அப்போதுதான் கல்லூரிகள் மூடியிருக்கும். தேதியை அவர்கள் சொல்லட்டும்.

பொதுமக்கள் பணம்

தனி வங்கிக் கணக்கு. லயன்ஸில் இது விதியே: மக்களிடம் திரட்டியது மக்களுக்கே, சங்கச் செலவுக்கு அதிலிருந்து ஒரு காசும் கிடையாது. "அடுத்த வாரம் திருப்பி வைத்துவிடலாம்" என்பதும் கிடையாது.

படம் எடுப்பது

பெறுபவர் முகம் வேண்டாம். கையும் வேண்டாம்.

புதிய உறுப்பினருக்குப் பேட்ஜ் குத்திவிட்டு மறந்துவிடுவது

முதல் மாதத்திலேயே ஒரு வேலை. சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை, அவருடையதாக இருக்க வேண்டும்.

பொறுப்பு ஒப்படைக்கும்போது கோப்புகளை மட்டும் கொடுப்பது

கோப்பில் இல்லாதவைதான் அடுத்தவருக்குத் தேவைப்படும். எந்தப் பள்ளியில் யாரிடம் பேசினால் வேலை நடக்கும், எந்த முகாமுக்கு எந்த மருத்துவர் வாக்குக் கொடுத்திருக்கிறார், எந்த ஒப்பந்தம் எந்த மாதம் முடிகிறது. ஜூன் மாதத்தில் இரண்டு செயலாளர்களும் சேர்ந்து ஒரு நாள் ஒதுக்கி, நோட்டில் உள்ள ஒவ்வொரு இடத்துக்கும் நேரில் போய் வாருங்கள், புதியவரை அங்கே அறிமுகப்படுத்துங்கள். சங்கத்துக்கென்று தனியாக ஒரு போன் எண், ஒரு மின்னஞ்சல், ஒரு நிரந்தர முகவரி வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் கொடுக்கும் ஒவ்வொரு பொருளின் மீதும், கல்வெட்டில் பெயர் பொறிக்கிற இடத்தில், அந்த எண்ணைப் பொறியுங்கள். எங்கள் பள்ளியில் அந்தக் கறுப்புக் கல்லை எடுத்துவிட்டோம். இப்போது அங்கே ஒரு போன் எண்ணும், அடுத்து எப்போது தொட்டி கழுவ வேண்டும் என்று சாக்பீஸால் எழுத ஒரு சின்னப் பலகையும் இருக்கின்றன.