ஆர்கானை ஃபெம்டோ நொடி லேசரால் அயனியாக்க: முதலில் செறிவைக் கணக்கிடுங்கள்

காரைக்குடியில் எம்.எஸ்சி. இயற்பியல் படித்துவிட்டு, மும்பை டி.ஐ.எஃப்.ஆர். (டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம்) போன்ற இடங்களுக்கு ப்ராஜெக்ட் செய்யப் போகிறவர்கள் ஊரிலேயே முடித்துக்கொள்ள வேண்டிய வேலை, லேசரின் செறிவைக் கணக்கிடுவது; அதாவது குவியத்தில் ஒரு ச.செ.மீ. பரப்பில் விழும் ஒளித் திறன். கால்குலேட்டர் போதும். ஆய்வகத்தில் லேசர் நேரம் கிடைப்பது அரிது; அங்கே போய் உட்கார்ந்து கணக்குப் போடக் கூடாது.

800 நானோமீட்டர் ஒளியில் ஒரு ஃபோட்டானின் ஆற்றல் 1.55 எலக்ட்ரான் வோல்ட். ஆர்கானின் வெளி எலக்ட்ரானைப் பிடுங்க 15.76 வேண்டும், அதாவது குறைந்தது 11 ஃபோட்டான்கள் சேர்ந்து உறிஞ்சப்பட வேண்டும்.

ஒரு லேசர் துடிப்பின் ஆற்றல் 0.2 மில்லிஜூல், கால நீளம் 30 ஃபெம்டோ நொடி (ஒரு ஃபெம்டோ நொடி 10⁻¹⁵ நொடி), கற்றையின் ஆரம் 5 மி.மீ. (செறிவு 13.5 சதவீதமாகக் குறையும் இடம்வரை), குழி ஆடியின் குவியத் தூரம் 1 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். குவியத்தில் ஆரம் சுமார் 51 மைக்ரான். உச்சத் திறன் = 0.94 × ஆற்றல் ÷ நீளம். அதை இரட்டித்துக் குவியப் பரப்பால் வகுத்தால், ச.செ.மீ.க்கு 1.5 × 10¹⁴ வாட்.

அடுத்து, ஒளிப்புலத்தில் எலக்ட்ரான் அதிரும் சராசரி ஆற்றல்: 9.33 × 10⁻¹⁴ × செறிவு × மைக்ரானில் அலைநீளத்தின் வர்க்கம். இங்கே சுமார் 9 எலக்ட்ரான் வோல்ட். அயனியாக்க ஆற்றலை இதன் இரு மடங்கால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால், எலக்ட்ரான் எந்த வழியில் வெளியேறும் என்று சொல்லும் கெல்டிஷ் எண், 0.93. எண் 1-ஐவிட நன்றாகப் பெரிதானால் பல ஃபோட்டான் உறிஞ்சல். நன்றாகச் சிறிதானால், எலக்ட்ரானை அணுவில் பிடித்துவைக்கும் ஆற்றல் தடுப்பை ஒளிப்புலம் சாய்க்க, எலக்ட்ரான் அதை ஊடுருவி வெளியேறுகிறது. நம் எண் இரண்டுக்கும் நடுவே நிற்பதால், ஒரே சூத்திரத்தை நம்பக் கூடாது. ச.செ.மீ.க்கு 2.5 × 10¹⁴ வாட் அளவில் தடுப்பே சரிந்துவிடும்.

800 நானோமீட்டர் கண்ணுக்கு மங்கிய சிவப்பாகத்தான் தெரியும். சிதறிய ஒளியே விழித்திரையைச் சுடும். அதற்குரிய கண்ணாடி அணியுங்கள். மோதிரம், வளையல், வாட்ச் எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள்.

துடிப்பை அதிகம் கெடுப்பது கற்றை ஊடுருவிச் செல்லும் கண்ணாடிப் பொருள். 10 மி.மீ. உருக்கிய சிலிக்கா 30 ஃபெம்டோ நொடித் துடிப்பை 45 ஆக இழுத்துவிடும். செறிவு மூன்றில் இரண்டாகிறது; 11 ஃபோட்டான் விதி (அயனிகள் செறிவின் 11-ஆம் அடுக்குக்கு ஏற்ப மாறும்) பொருந்தும் குறைந்த செறிவில் அயனிகள் ஏறத்தாழ நூறில் ஒரு பங்காகிவிடும். துடிப்பைக் குறுக்கும் கம்ப்ரஸரில் இரு கிரேட்டிங்குகளுக்கு இடையிலான தூரத்தை, வெற்றிட அறைக்குள் அயனிச் சமிக்ஞை உச்சம் அடையும்வரை மாற்றுங்கள். அதன்பின் அதைத் தொடாதீர்கள். ஆற்றலை மாற்ற அரையலைத் தகடும் முனைவாக்கியும் போதும்.

வெற்றிட அறையில் நீராவி மிச்சமிருந்தால் தொல்லை. அதன் அயனியாக்க ஆற்றல் 12.62 மட்டுமே என்பதால் ஆர்கானை முந்திக்கொண்டு, அயனிகளை நிறை ÷ மின்னேற்றப்படி பிரிக்கும் நிறமாலையில் 18-இல் உச்சி காட்டும். பக்கத்திலேயே 20-இல் இரட்டை மின்னேற்ற ஆர்கான். அறையைச் சூடாக்கி நீரை வெளியேற்றுங்கள். ஆர்கானை ஊசி வால்வில் மெல்ல விடுங்கள். அழுத்தம் கூட்டும்போது உச்சிகள் அகன்றால் அயனிகள் ஒன்றையொன்று தள்ளுகின்றன; குறையுங்கள்.

செறிவுக்கு எதிராக அயனி எண்ணிக்கையை மடக்கை அச்சுகளில் வரைந்தால் கோடு செங்குத்தாக ஏறி, பிறகு வளைந்து, சரிவு 1.5 ஆகும். காரணம் குவியத்தின் வடிவம். வளவு வீட்டு முற்றத்தில் மழை கொட்டும்போது சுற்றுப்பத்தியில் சாரல்தான். நடுவில் அணுக்கள் தீர்ந்தபின் அந்தச் சாரல் பகுதிதான் பரப்பில் விரிந்துகொண்டே போகிறது.

பவர் மீட்டர் தரும் செறிவு பெரும்பாலும் உண்மையைவிடக் கூடுதல், கற்றை ஒழுங்காக இருப்பதில்லை. எலக்ட்ரான் ஆற்றல் நிறமாலையைப் பாருங்கள். நேர்க்கோட்டு முனைவாக்கத்தில், திரும்பி வந்து அயனியில் மோதிச் சிதறிய எலக்ட்ரான்கள் அதிர்வு ஆற்றலின் சுமார் 10 மடங்குவரை போகும். நம் கணக்குப்படி 90 எலக்ட்ரான் வோல்ட் வரவேண்டும். எல்லை 60-இலேயே நின்றுவிட்டால் உண்மைச் செறிவு 10¹⁴ தான். வரைபட அச்சை அந்த எண்ணுக்கு மாற்றி எழுதுங்கள்.