பேண்டில் பேஸ் கிட்டார் வாசிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பேஸ் கிட்டார் பழகுகிறவர்கள் பெரும்பாலும் தனியறையில், ஹெட்ஃபோனிலோ சின்ன ஆம்பிலோதான் (ஒலிபெருக்கி) பழகுகிறார்கள். அங்கே காதுக்கு இதமாக இருந்த சவுண்டையும் கைப்பழக்கத்தையும் அப்படியே ரிகர்சலுக்குக் கொண்டுவருகிறார்கள். டிரம்ஸ், கிட்டார், கீபோர்டு எல்லாம் சேர்ந்ததும் அது எடுபடுவதில்லை. புதிய பேண்டுகளில் பேஸ் சொதப்பும் இடங்களைக் கவனித்தால் பெரும்பாலும் காரணம் இதுதான்: தனியாகக் கேட்டு முடிவு செய்த ஒன்று, கூட்டத்துக்குள் பொருந்தவில்லை.

தனியாகக் கேட்டு சவுண்டு வைப்பது

ஆம்பில் பேஸையும் (கீழ் அதிர்வெண்கள்) ட்ரெபிளையும் (மேல் அதிர்வெண்கள்) ஏற்றி, மிட்டை (நடு அதிர்வெண்கள்) இறக்கி வைப்பது பலருக்குப் பிடித்த செட்டிங். தனியாக வாசித்தால் கனமாகவும் பளிச்சென்றும் கேட்கும். பேண்டில் கீழ்ப்பகுதியைக் காலால் மிதித்து அடிக்கும் கிக் டிரம் பிடித்துக்கொள்கிறது. மேற்பகுதியை சிம்பலும் கிட்டாரும் எடுத்துக்கொள்கின்றன. மிட் இல்லாத பேஸ் வெறும் உறுமலாகத் தங்கிவிடும். என்ன வாசிக்கிறீர்கள் என்று பக்கத்தில் நிற்பவருக்கே புரியாது. திறந்த (விரலால் அழுத்தாத) ஈ கம்பியின் அதிர்வு சுமார் 41 ஹெர்ட்ஸ். அந்த அடி அதிர்வை நாம் உடம்பில் உணர்கிறோம். எந்த ஸ்வரம் என்று காது தெளிவாகப் பிடிப்பது அதற்கு மேலே அதன் மடங்குகளாக எழும் ஓவர்டோன்களை வைத்துத்தான். அவை வாழும் இடம் மிட்.

இன்னொரு காரணமும் உண்டு. மெல்லிய சத்தத்தில் நம் காது கீழ் அதிர்வெண்களைக் குறைவாகவே கேட்கும். சத்தம் ஏற ஏற அவை அதிகமாகக் கேட்கும். வீட்டில் மெதுவாக வைத்து பேஸ் குமிழை ஏற்றினால், மேடையில் அதே செட்டிங் குமுறும். ரிகர்சலில் எல்லாக் குமிழ்களையும் நடுவில் வைத்துத் தொடங்குங்கள். குமுறினால் பேஸைக் கொஞ்சம் இறக்குங்கள். தெளிவில்லையென்றால் ட்ரெபிளைத் தொடாமல் 250 முதல் 800 ஹெர்ட்ஸ் வரையுள்ள மிட்டை ஏற்றிப் பாருங்கள். தனியாகக் கேட்க மூக்கால் பாடுவதுபோலத் தோன்றும் அந்த சவுண்டுதான் பேண்டுக்குள் பெரும்பாலும் சரியாக உட்காரும்.

ஆம்ப் வைக்கும் இடமும் முக்கியம். தரையில் வைத்த ஆம்ப் உங்கள் முழங்காலைப் பார்த்துத்தான் ஒலிக்கிறது. மிட்டும் ட்ரெபிளும் காதுக்கு வந்து சேராது. நீங்கள் வால்யூமை ஏற்றுவீர்கள், எதிரே இருப்பவர் தவிப்பார். உறுதியான ஸ்டாண்டில் தூக்கி வையுங்கள், அல்லது பின்னால் சாய்த்து வையுங்கள். அறை மூலையில் தள்ளினால் கீழ் அதிர்வெண்கள் தேவைக்கு மேல் வீங்கும். மின்சார கிட்டாரின் ஆம்பில் பேஸைச் செருகி டிரம்ஸுக்கு ஈடாக ஏற்றவே கூடாது. அந்த ஸ்பீக்கரின் கூம்பு அவ்வளவு தூரம் முன்னும் பின்னும் அசைவதற்காகச் செய்யப்பட்டதல்ல, கிழிந்துவிடும். டிரம்ஸோடு வாசிக்க, பொதுவாக 200 முதல் 300 வாட் பேஸ் ஆம்ப் வேண்டியிருக்கும்.

நோட்டை எங்கே முடிப்பது என்று யோசிக்காதது

எந்த நோட், எந்த இடத்தில் தொடங்க வேண்டும் என்பதை எல்லோரும் பழகுகிறார்கள். அது எவ்வளவு நேரம் ஒலிக்க வேண்டும் என்பதை அனேகமாக யாரும் பழகுவதில்லை. பாட்டு ஆடவைக்கிறதா, இழுக்கிறதா என்பது பாதிக்கு மேல் அதில்தான் இருக்கிறது.

இதைக் கையில் வைத்தே பார்க்கலாம். நிமிடத்துக்கு 100 அடி வேகத்தில் ஒரு அடிக்கு 0.6 வினாடி. முதல் அடியில் கிக் விழும்போது ஒரு ஏ நோட்டை மீட்டுங்கள். இரண்டாவது அடியில் ஸ்னேர் (குச்சியால் அடிக்கும் கூர்மையான சத்தமுள்ள டிரம்) விழும் அதே கணத்தில், இடது கை விரலைக் கம்பியிலிருந்து எடுக்காமல் அழுத்தத்தை மட்டும் தளர்த்தி நோட்டை நிறுத்துங்கள். ஸ்னேர் தனியாக, பளீரென்று கேட்கும். அதே நோட்டை ஸ்னேருக்கு மேலும் ஓடவிட்டால் ஸ்னேரின் கூர்மை மழுங்கிவிடும். டிரம்மர் இன்னும் ஓங்கி அடிக்கத் தொடங்குவார். எல்லோருடைய சத்தமும் ஏறும். எல்லாப் பாட்டிலும் நறுக்க வேண்டும் என்பதில்லை. மெதுவான பாட்டில் அடுத்த நோட் வரை இழுத்துப் பிடிப்பதுதான் அழகு. எதைச் செய்தாலும் தெரிந்து செய்ய வேண்டும். ஒரு வரியில் நறுக்கி, அடுத்த வரியில் மறந்து ஓடவிடக் கூடாது.

மெட்ரோனோமை (சீரான தாளச் சத்தம் தரும் கருவி) எல்லா அடிக்கும் ஒலிக்கவிட்டுப் பழகுவதும் நாளடைவில் ஊன்றுகோலாகிவிடும். அதை நிமிடத்துக்கு 40-ல் வைத்து, அந்தச் சத்தத்தை 2-ஆம், 4-ஆம் அடிகளாக எடுத்துக்கொண்டு 80 வேகத்தில் வாசியுங்கள். முதலில் தடுமாறும். பிடிபட்டபின், தாளத்தை நீங்களே சுமக்கிறீர்கள் என்பது தெரியும்.

கம்பிகளை அடக்காமல் விடுவது

பேஸில் வாசிக்காத கம்பியும் ஒலிக்கும். தடித்ததிலிருந்து மெல்லியது வரை கம்பிகளின் வரிசை ஈ, ஏ, டி, ஜி. டி கம்பியின் 2-ஆவது ஃப்ரெட்டில் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கட்டை) ஈ வாசித்தால், தொடாத திறந்த ஈ கம்பி தானாக அதிரத் தொடங்கும். வீட்டில் இது தெரியாது. பெரிய ஆம்பில் எல்லா நோட்டுக்கும் அடியில் ஒரு மூட்டம்போல நிற்கும். பலர் இதை ஆம்பின் குறை என்று நினைத்துக் குமிழ்களைத் திருகிக்கொண்டிருக்கிறார்கள்.

வலது கைக் கட்டைவிரல் பிக்கப்பின் (கம்பிகளுக்கு அடியில் உள்ள ஒலி வாங்கி) மேலேயே ஒட்டிக்கொண்டிருந்தால் இது தீராது. ஏ கம்பிக்குப் போகும்போது கட்டைவிரல் ஈ கம்பிமேல் இறங்கி உட்கார வேண்டும். டி-க்குப் போனால், மீட்டிய விரல் ஏ கம்பியில் வந்து சாய்ந்து அதை அடக்கும். கட்டைவிரல் ஈ-யிலேயே இருக்கலாம். ஜி-யில் வாசிக்கும்போது கட்டைவிரலை ஏ-க்கு நகர்த்தி, அதன் பக்கவாட்டை ஈ-யிலும் சாய்த்துக்கொள்ளுங்கள். வாசிக்கும் கம்பிக்குக் கீழே உள்ள மெல்லிய கம்பிகளை இடது கை விரல்களின் உட்புறம் லேசாகத் தொட்டுக்கொண்டிருந்தால் போதும். சோதனை எளிது: ஆம்பை ஏற்றி வைத்து ஒரு நோட் வாசித்து நிறுத்துங்கள். அதன்பின் ஏதாவது கேட்டால் எந்தக் கம்பி என்று தேடிப் பிடியுங்கள்.

கேட்கவில்லையே என்று ஓங்கி மீட்டுவதும் இதோடு சேர்ந்த தவறு. ஓங்கி மீட்டினால் கம்பி ஃப்ரெட்டில் மோதிக் கடகடக்கும், மீட்டும் கணத்தில் சுருதி சற்று ஏறும், இரண்டு பாட்டுக்குள் முன்கை இறுகிவிடும். ஆம்பை ஏற்றுங்கள், கையைத் தளர்த்துங்கள். முதல் சில ஃப்ரெட்டுகளில் விரலுக்கு ஒரு ஃப்ரெட் என்று நான்கு விரலையும் விரிப்பதும் வேண்டாத வலி. 34 அங்குலக் கம்பி நீளமுள்ள பேஸில் அங்கே இடைவெளி பெரிது. ஆள்காட்டி விரல், நடுவிரல், பிறகு மோதிரவிரலும் சுண்டுவிரலும் சேர்ந்து என்று மூன்று ஃப்ரெட்டுக்குள் கையை வைத்துக்கொண்டு, தேவைப்படும்போது கையையே நகர்த்துங்கள்.

எல்லா இடத்தையும் நிரப்புவது

பாடகர் வரியை முடித்து மூச்சு விடும் இடம்தான் ஃபில்லுக்கு (இடைவெளியை நிரப்பும் சிறு வாசிப்பு) உரிய இடம். பாடும்போதே ஓடினால் வரி அடிபடும். டிரம்மரும் நீங்களும் ஒரே இடத்தில் ஃபில் போட்டால் தாளத்தைப் பிடித்துக்கொள்ள ஆளிருக்காது. யாருக்கு எந்த இடம் என்று ரிகர்சலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

கீபோர்டின் இடது கையைப் பற்றியும் பேசியாக வேண்டும். தனியாக வாசித்துப் பழகியவர்கள் இடது கையில் அடி நோட்களையும் சேர்த்தே வாசிப்பார்கள். சி மேஜருக்கு அவர் அடியில் சி பிடிக்க, நீங்கள் அடுத்த கார்டுக்கு இறங்குவதற்காக பி-யில் இருந்தால், அடியில் இரண்டு நோட்கள் உரசும். எது தவறு என்று யாருக்கும் தெரியாது, ஆனால் பாட்டு கலங்கலாகக் கேட்கும். இடது கையை ஒரு ஸ்தாயி மேலே தூக்கிக்கொள்ளச் சொல்லுங்கள், அல்லது எடுத்துவிடச் சொல்லுங்கள். சங்கடப்பட்டுக்கொண்டு இதைச் சொல்லாமல் விடாதீர்கள்.

கருவியைக் கவனிக்காதது

12-ஆவது ஃப்ரெட்டில் ஹார்மோனிக்கையும் (கம்பியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு மீட்டும் ஒலி), அழுத்திய நோட்டையும் ட்யூனரில் ஒப்பிடுங்கள். அழுத்திய நோட் ஏறியிருந்தால் பிரிட்ஜின் சேடிலை (கம்பி உட்காரும் சிறு தாங்கி) கழுத்திலிருந்து விலக்குங்கள். இறங்கியிருந்தால் கழுத்தை நோக்கி நகர்த்துங்கள். தேய்ந்த கம்பியை வைத்து இதைச் செய்து பயனில்லை. கழுத்தின் வளைவைச் சரிசெய்யும் டிரஸ் ராடை ஒரே நேரத்தில் கால் சுற்றுக்கு மேல் திருப்ப வேண்டாம்.

ஆக்டிவ் பேஸில் (பேட்டரியில் இயங்கும் சுற்று உள்ளது) கேபிளைச் செருகினாலே 9 வோல்ட் பேட்டரி ஓடத் தொடங்கிவிடும். இடைவேளையில் கேபிளை உருவிவிடுங்கள், மாற்றுப் பேட்டரி ஒன்றைப் பையில் வையுங்கள். ஆம்ப் ஹெட்டையும் (ஆம்பின் மின்சுற்றுப் பெட்டி) கேபினெட்டையும் (ஸ்பீக்கர் பெட்டி) இணைக்க ஸ்பீக்கர் கேபிள் மட்டுமே. கிட்டார் கேபிள் மெல்லியது, சூடாகி ஆம்பைக் கெடுக்கும். 8 ஓம் கேபினெட் இரண்டைப் பக்க இணைப்பில் போட்டால் மொத்தம் 4 ஓம் ஆகும். ஆம்ப் அதைத் தாங்குமா என்று பின்பக்கம் அச்சிட்டிருப்பதைப் பார்த்துவிட்டு இணையுங்கள்.

ரிகர்சலைப் போனில் பதிவு செய்து, போன் ஸ்பீக்கரிலேயே கேட்டு பேஸ் போதவில்லை என்று முடிவு செய்யாதீர்கள். அந்தச் சின்ன ஸ்பீக்கரில் 41 ஹெர்ட்ஸ் வரவே வராது. நல்ல ஹெட்ஃபோனில் கேளுங்கள். அப்போதும் சத்த அளவை விட்டுவிட்டு, உங்கள் நோட்கள் கிக்கோடு சேர்ந்து விழுகின்றனவா, எங்கே முடிகின்றன என்பதை மட்டும் கவனியுங்கள்.