ரயில் பண்டிகைச் சலுகை: டிக்கெட் போடுமுன் போட வேண்டிய கணக்கு

பண்டிகை நேரத்து ரயில் சலுகை என்றாலே "20 சதவீதம் தள்ளுபடி" என்ற ஒரு வரிதான் வாட்ஸ்அப்பில் சுற்றும். எதில் 20 சதவீதம், யாருக்கு, எந்தத் தேதிக்கு என்பதெல்லாம் சுற்றறிக்கையிலேயே தங்கிவிடும். 2025 தீபாவளிக்கு இந்திய ரயில்வே சோதனை முயற்சியாகக் கொண்டுவந்த, போக வர இரண்டு டிக்கெட்டையும் சேர்த்து எடுத்தால் திரும்பும் டிக்கெட்டில் 20 சதவீதம் குறைக்கும் ரவுண்ட் டிரிப் திட்டத்தை வைத்துப் பார்த்தால், இந்த வகைச் சலுகையை எப்படிப் படிப்பது என்று பிடிபடும். அடுத்து எப்போது இப்படி ஒன்று வந்தாலும் இதே வரிசையில் சரிபாருங்கள்.

முதலில் தேதி. போகும் பயணம் 13 முதல் 26 அக்டோபர் வரை, திரும்பும் பயணம் 17 நவம்பர் முதல் 1 டிசம்பர் வரை என்று இருந்தது. தீபாவளி 20 அக்டோபர். அதாவது மிகக் கடைசியாகக் கிளம்பி மிக முதலில் திரும்பினாலும் நடுவில் 22 நாள். சென்னையிலிருந்து ஊருக்குப் போய் நாலு நாளில் வேலைக்குத் திரும்புகிறவருக்கு இதில் ஒரு பைசா பிரயோஜனம் இல்லை. திருப்பூரிலிருந்து பீகாருக்குச் சத் பூஜைக்குப் போய் ஒரு மாதம் தங்கி வருகிறவருக்குத்தான் இது பொருந்தும். தேதி பொருந்தாவிட்டால் மற்ற விதிகளைப் படிக்கவே வேண்டாம்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. தேதி என்று திட்டம் சொல்வது நீங்கள் ஏறும் நாளை அல்ல, வண்டி புறப்படும் நிலையத்திலிருந்து கிளம்பும் நாளை. 16 நவம்பர் மாலை கிளம்பிய வண்டி உங்கள் ஊருக்கு நள்ளிரவு தாண்டி வந்தால், நீங்கள் ஏறுவது 17ஆம் தேதிதான். ஆனாலும் சலுகைக்கு அது 16ஆம் தேதி வண்டி, சேராது. இரவு 12 மணிக்கு மேல் உங்கள் நிலையத்துக்கு வரும் வண்டி என்றால் கால அட்டவணையில் அது எந்த நாளில் கிளம்புகிறது என்று பார்த்துவிடுங்கள்.

அடுத்து பணம். தள்ளுபடி திரும்பும் டிக்கெட்டின் அடிப்படைக் கட்டணத்தில் மட்டும். தேர்ட் ஏசியில் அடிப்படைக் கட்டணம் ரூ.1,000 என்று வைத்துக்கொள்வோம். முன்பதிவுக் கட்டணம் ரூ.40, சூப்பர்ஃபாஸ்ட் கட்டணம் ரூ.45, மொத்தத்துக்கு 5 சதவீத ஜிஎஸ்டி. ஆக ரூ.1,139.25. சலுகையில் அடிப்படை ரூ.800 ஆகிறது, மற்ற இரண்டும் அப்படியே, ஜிஎஸ்டி மட்டும் கொஞ்சம் குறையும்: ரூ.929.25. மிச்சம் ரூ.210. போக வர இரண்டுக்கும் சேர்த்து ரூ.2,278.50 ஆகியிருக்கும் இடத்தில் ரூ.2,068.50. உண்மையான தள்ளுபடி 9 சதவீதத்துக்குச் சற்று மேல். ஸ்லீப்பரில் ஜிஎஸ்டி கிடையாது, ஆனால் கணக்கு ஏறக்குறைய இதேதான்.

இந்த ரூ.210க்காக நீங்கள் விட்டுக்கொடுப்பது ரீஃபண்ட். சலுகை டிக்கெட்டை ரத்து செய்தால் பணம் திரும்பாது, போகும் டிக்கெட்டுக்கும் சேர்த்துத்தான். மிச்சத்தைப் போல் பத்து மடங்குப் பணம் மாட்டிக்கொள்கிறது. பயணம் நின்றுபோக பத்தில் இரண்டு வாய்ப்பு இருந்தால்கூட சாதாரண டிக்கெட் போடுவதே மேல். லீவு உறுதியாகாதவர்கள், வீட்டில் உடம்பு சரியில்லாதவர் இருப்பவர்கள் இந்தப் பக்கம் வராமல் இருப்பது நல்லது. தேதி மாற்றம் போன்ற எந்தத் திருத்தமும் கிடையாது.

அப்படியென்றால் இந்தத் திட்டத்தில் லாபமே இல்லையா என்றால், இருக்கிறது. ஆனால் அது பணத்தில் இல்லை. வழக்கமாக முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் திறக்கும் (பயண நாளைச் சேர்க்காமல்). 17 நவம்பர் வண்டிக்கு 18 செப்டம்பர் அன்றுதான் வழி. இந்தத் திட்டத்தில் திரும்பும் டிக்கெட்டுக்கு அந்த வரம்பு இல்லை. 14 ஆகஸ்ட் அன்று, 13 அக்டோபர் வண்டிக்கு முன்பதிவு திறந்த அதே நாளில், நவம்பர் சீட்டையும் எடுக்க முடிந்தது. மற்றவர்களைவிட 35 நாள் முன்னால். வெயிட்டிங் லிஸ்ட் நூறைத் தாண்டும் தடத்தில் இது 20 சதவீதத்தைவிடப் பெரிய விஷயம்.

இப்படி ஒரு திட்டம் மறுபடி வந்தால் போடும் முறை:

1. போகும் நாள், திரும்பும் நாள் இரண்டிலும் சீட் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இரண்டும் கன்ஃபர்ம் ஆக வேண்டும். ஆர்ஏசியும் (பெர்த்தைப் பகிர்ந்து உட்கார்ந்து போகும் டிக்கெட்) வெயிட்டிங் லிஸ்ட்டும் உதவாது.

2. போகும் டிக்கெட்டை முதலில் போடுங்கள். ஐஆர்சிடிசி கணக்கில் ஆதார் சரிபார்ப்பை முன்கூட்டியே முடித்து வையுங்கள். காலை 8 மணிக்கு முன்பதிவு திறந்தபின் அதில் மாட்டிக்கொண்டால் சீட் போய்விடும்.

3. அதே டிக்கெட்டுடன் இணைத்து, கனெக்டிங் ஜர்னி (இரண்டு டிக்கெட்டை இணைக்கும் வசதி) வழியாகத் திரும்பும் டிக்கெட்டைப் போடுங்கள். தனியாகப் போட்டால் தள்ளுபடி விழாது. பெரும்பாலோர் கோட்டை விடுவது இங்கேதான்.

4. பணம் கட்டுமுன் திரையில் அடிப்படைக் கட்டணம் குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். குறையவில்லை என்றால் பணம் கட்டாமல் வெளியே வந்துவிடுங்கள்.

5. யுபிஐயில் கட்டினால் ஐஆர்சிடிசியின் சேவைக் கட்டணம் ஏசிக்கு ரூ.20, மற்ற வகுப்புக்கு ரூ.10. கார்டு, நெட் பேங்கிங் என்றால் ரூ.30, ரூ.15. ஜிஎஸ்டி தனி.

இணைப்பு மறுக்கப்பட்டால் காரணம் பெரும்பாலும் இவற்றில் ஒன்று. நாலு பேர் போய் மூன்று பேர் திரும்புவது: பயணிகள் இரண்டிலும் அதே ஆட்கள்தான் இருக்க வேண்டும். ஸ்லீப்பரில் போய் தேர்ட் ஏசியில் திரும்புவது. எழும்பூரிலிருந்து மதுரைக்குப் போய் மதுரையிலிருந்து தாம்பரத்துக்குத் திரும்புவது: நமக்கு எல்லாம் சென்னைதான், விதிக்கு அவை வேறு வேறு நிலையம். கவுன்டரில் ஒன்றும் இணையத்தில் ஒன்றும் எடுப்பது. ராஜ்தானி, சதாப்தி, துரந்தோ போல சீட் நிரம்ப நிரம்ப விலை ஏறும் வண்டிகளைத் தேர்வது. பாஸ், வவுச்சர், வேறு சலுகை எதையும் இதன்மேல் சேர்க்கவும் முடியாது.

பண்டிகைக்கு வெளியே, சத்தமில்லாமல் வந்த இரண்டு தள்ளுபடிகள் உண்டு. ஒன்று, ஏசி சேர் கார், எக்சிகியூட்டிவ் வகுப்புகளில் முந்தைய 30 நாளில் பாதிக்கும் குறைவாக நிரம்பிய வண்டிகளுக்கு அடிப்படைக் கட்டணத்தில் 25 சதவீதம் வரை குறைக்க 2023 ஜூலையில் மண்டல ரயில்வேக்களுக்கு அதிகாரம் தரப்பட்டது. அறிவிப்புக்கு முன் முழு விலையில் எடுத்தவர்களுக்கு வித்தியாசம் திரும்பாது. பண்டிகைச் சிறப்பு ரயிலுக்கும் இது கிடையாது. சொல்லப்போனால் அவற்றில் பல, சிறப்புக் கட்டணம் என்ற பெயரில் சாதாரண வண்டியைவிடக் கூடுதலாகவே வாங்குகின்றன.

இன்னொன்று கரன்ட் புக்கிங். முதல் சார்ட் (வண்டியின் பயணிகள் பட்டியல்) போட்டபின் காலியாக இருக்கும் இடத்துக்கு, அந்த வகுப்பில் கடைசியாக விற்ற டிக்கெட்டின் அடிப்படைக் கட்டணத்தில் 10 சதவீதம் குறைப்பு 2017 ஜனவரியில் எல்லா முன்பதிவு ரயில்களுக்கும் வந்தது. காலை வண்டிக்கு முதல் சார்ட் முந்தின நாள் இரவே வந்துவிடும்; அதன்பின் தேடினால் போதும். தீபாவளிக்கு முந்தின நாள் இதை நம்பி இருந்தால் பிளாட்பாரத்தில்தான் நிற்க வேண்டும். செவ்வாய், புதன் பகல் வண்டிகளில் முயற்சி செய்யலாம்.

மூத்த குடிமக்கள் சலுகையைப் பற்றி இன்னும் பலர் கேட்கிறார்கள். ஆண்களுக்கு 40, பெண்களுக்கு 50 சதவீதம் என்று இருந்தது 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. ஆனால் டிக்கெட் போடும்போது வயதைச் சரியாகக் கொடுங்கள். கீழ் பெர்த் ஒதுக்கீட்டுக்கு அது இன்னும் கணக்கில் வரும்.