கப்பல் மூழ்கும் காட்சி: எங்கே பிழை விடுகிறோம்

முல்லைத்தீவுக் கடலில் சூரியன் மறையாது. அது கீழைக்கரை. சூரியன் கடலுக்குள்ளிருந்து எழும்பி, காட்டுப் பக்கம் போய் விழும். அந்தக் கரையில் நின்று, சிவந்த அந்திச் சூரியனோடு சேர்ந்து கப்பலும் கடலில் தாழுகிற காட்சியை எடுத்தால், ஊர்க் கடற்றொழிலாளி ஒருவர் பார்த்த உடனேயே சிரித்துவிடுவார். சூரியன் கடலில் விழ வேண்டுமென்றால் மன்னார்ப் பக்கம் போங்கள்.

இது கமரா வைக்கிற இடத்தில் வரும் பிழை. கதை எழுதும் மேசையில் வரும் பிழைகள் இதைவிடப் பெரியவை. அவற்றில் முதலாவது நேரம்.

டைட்டானிக் 1912 ஏப்ரல் 14 இரவு 11.40க்குப் பனிப்பாறையில் மோதி, விடியப்புறம் 2.20க்கு மூழ்கியது. இடையில் இரண்டு மணி நாற்பது நிமிடம். மோதியவுடன் எல்லாரும் அலறிக்கொண்டு ஓடுவதாகக் காட்டுவது பொய். முதல் படகு இறங்கவே ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் சென்றது, அதுவும் பாதி கூட நிறையாமல். வெளிச்சமும் சூடும் உள்ள பெரிய கப்பலை விட்டு, இருட்டுக் கடலில் சின்னப் படகில் இறங்க ஆட்கள் விரும்பவில்லை. அந்தத் தயக்கத்தை எடுக்காமல் விட்டால், பிறகு வரும் பதற்றத்துக்குக் காரணமே இல்லாமல் போய்விடும்.

1915 மே 7 அன்று ஜேர்மன் நீர்மூழ்கியின் ரோப்பிடோ தாக்கி மூழ்கிய பயணிகள் கப்பல் லூசிற்றானியாவின் கதை நேரெதிர். மொத்தமே 18 நிமிடம். டைட்டானிக்கில் படகு போதாது: 20 படகில் 1,178 பேருக்குத்தான் இடம், கப்பலிலோ 2,200 பேருக்கு மேல். லூசிற்றானியாவில் 48 படகுகள் இருந்தும் ஆறுதான் ஒழுங்காக இறங்கின. கப்பல் வலப்பக்கம் சரிந்ததுதான் காரணம். வலப்பக்கப் படகுகள் கப்பலை விட்டு வெளியே தொங்கின. ஏறுவதற்கு நடுவில் இருந்த வெளியைத் தாண்ட வேண்டும். இடப்பக்கப் படகுகள் உள்ளே ஆடி வந்து, தளத்தில் நின்ற ஆட்களில் மோதின. இறக்கினால், கப்பல் உடலில் தகடுகளை இணைத்துத் துருத்தி நின்ற தறையாணித் தலைகளில் உரசின. செட் போடும்போது தளத்தைச் சரிக்காமல் நடிகர்களை மட்டும் சாய்ந்து நடக்கச் சொன்னால் இதில் ஒன்றும் விளங்காது. தொங்கும் படகு தளத்துக்கும் கப்பலுக்கும் என்ன செய்கிறது என்று காட்டினால் போதும், வசனமே தேவையில்லை.

அடுத்தது ஆதாரம். முந்திய படங்களைப் பார்த்துப் படம் எடுக்காதீர்கள், விசாரணை அறிக்கையைப் படியுங்கள் என்பார்கள். சரிதான், ஆனால் அறிக்கையும் பிழைக்கும். டைட்டானிக், லூசிற்றானியா இரண்டுக்கும் பிரித்தானிய விசாரணையை நடத்தியவர் ஒருவரே, மேர்சி பிரபு. டைட்டானிக் உடையாமல் முழுதாகவே மூழ்கியது என்பது அவருடைய முடிவு. கப்பல் இரண்டாகப் பிளந்ததைக் கண்ணால் கண்டோம் என்று உயிர் தப்பியவர்கள் சொன்ன சாட்சியம் எடுபடவில்லை. 1985 செப்ரெம்பரில் கடலடியில் இரண்டு துண்டாகக் கிடந்த கப்பலைக் கண்ட பிறகுதான் அவர்கள் சொன்னது உண்மையென்று ஆனது. லூசிற்றானியாவை இரண்டு ரோப்பிடோக்கள் தாக்கின என்றும் அறிக்கை சொன்னது. நீர்மூழ்கியின் பதிவேட்டில் இருப்பது ஒன்றுதான். ஆகவே அறிக்கை ஒரு பக்கம், சாட்சி ஒரு பக்கம் என்று இரண்டு நிரலாக எழுதி, முரண்படுகிற இடங்களில் கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள். எழுத்தில் இருப்பதால் மட்டும் அறிக்கையை மேலே தூக்கி வைக்க வேண்டாம்.

தண்ணீரில் நடிக்கிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க நிறைய உண்டு. எங்கள் கடல் சூடு; விழுந்தவன் மணிக்கணக்காக நீந்துவான். டைட்டானிக் மூழ்கிய இரவில் அந்தக் கடல் கிட்டத்தட்ட மைனஸ் 2 பாகை. பெரும்பாலானோரைக் கொன்றது குளிர். விழுந்ததும் மூச்சு வாரி இழுக்கும், பேச்சு வராது. பத்துப் பதினைந்து நிமிடத்தில் விரல் மடங்காது, கை தூக்காது. முல்லைத்தீவுப் பொடியன் தண்ணீரில் இறங்கினால் பழக்கத்தில் கையை வீசி அடிப்பான். அதை நிறுத்துவதுதான் இயக்குநரின் முதல் வேலை. நீண்ட காதல் வசனம் வேண்டவே வேண்டாம்.

அன்றிரவு நிலவில்லை. அலையுமில்லை, கண்ணாடி மாதிரிக் கடல். பனிப்பாறையின் அடியில் நுரை அடிக்காததாலேயே அதைத் தூரத்தில் காண்பது கடினமாயிற்று. வாடைக்காலக் கடலில் இதை எடுக்கவே முடியாது. இரணைமடு போன்ற பெரிய குளத்தில், காற்று விழுந்த நேரம் பார்த்து எடுக்கலாம்; முதலை எந்தப் பக்கம் கிடக்கிறதென்று ஊராரிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள். கப்பலின் விளக்குகள் கடைசி நிமிடங்கள் வரை எரிந்தன. அவை அணைந்த பிறகு நட்சத்திர வெளிச்சம்தான்.

சாமான்களில் வழக்கமாக மாட்டுப்படுவது உயிர்காப்பு அங்கி. மீன்பிடிச் சாமான் கடையில் கிடைக்கிற செம்மஞ்சள் அங்கி இக்காலத்துக்குரியது. 1912இல் அது வெள்ளைக் கன்வஸ் துணி, உள்ளே தக்கைக் கட்டைகள். காடாத் துணியில் பைகள் தைத்து, ரெஜிபோம் (தெர்மோகோல்) துண்டுகளை வைத்தால் தூரக் காட்சிக்குப் போதும். தண்ணீரில் இறங்குபவருக்கு மட்டும் உள்ளே உண்மையான அங்கி போட்டுவிடுங்கள். டைட்டானிக்கில் ஏவிய ஆபத்து வாணங்கள் வெள்ளை, சிவப்பல்ல.

2006 டிசம்பரில் முல்லைத்தீவுக் கடலில் தரைதட்டிய அரிசிக் கப்பல் ஃபாரா 3 பலருக்கு நினைவிருக்கும். எங்கள் பக்கத்துக் கலைஞர்கள் கப்பல் என்றவுடன் அதையே கீறுகிறார்கள். இக்காலச் சரக்குக் கப்பலின் தகடுகள் வெல்டிங் செய்தவை. டைட்டானிக்கின் உடல் தறையாணி அடித்தது, ஏறத்தாழ முப்பது இலட்சம் ஆணி.

தமிழில் குரல் கொடுக்கும்போது சுக்கான் கட்டளையைக் கவனியுங்கள். அக்காலக் கட்டளை, சுக்கான் பிடியைத் தள்ளும் பக்கத்தைக் குறித்தது. ‘ஸ்ராபோட்’ (வலப்பக்கம்) என்றால் கப்பலின் அணியம், அதாவது முன்பக்கம், இடப்பக்கம் திரும்பும். அதை ‘வலப்பக்கம் திருப்பு’ என்று மொழிபெயர்த்தால், திரையில் கப்பல் எதிர்ப்பக்கம் போகும்.

கிட்டிய கதை வேண்டுமென்று தனுஷ்கோடியை அழித்த 1964 டிசம்பர்ப் புயலை எடுக்கிறவர்களும் உண்டு. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையில் ஓடிய தலைமன்னார்க் கப்பல் ரயிலோடு சேர்ந்து தாண்டது என்று கதை கட்டாதீர்கள். அடித்துச் செல்லப்பட்டது பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன 653ஆம் இலக்கப் பயணிகள் ரயில். அதில் இறந்தவர் தொகை கணக்குக்குக் கணக்கு வேறுபடுவதால், ஒரே எண்ணை எழுத்தில் போட வேண்டாம். தனுஷ்கோடி அழிந்த பின் கப்பல் இராமேஸ்வரத்துக்கும் தலைமன்னாருக்கும் இடையில் 1984 வரை ஓடியது. 1970களில் நடக்கும் கதையில் பயணிகள் தனுஷ்கோடித் துறையில் இறங்கினால் அதுவும் பிழை.