டெக்சாஸ் பொது நிலத்தில் தூண்டிலும் துப்பாக்கியும்: முதல்முறை போகிறவர்களுக்கு

டெக்சாஸில் 95 சதவீதத்துக்கும் மேற்பட்ட நிலம் தனியார் கையில் இருக்கிறது. பண்ணை வைத்திருக்கும் நண்பர் யாரும் இல்லையென்றால் வேட்டைக்கு வழியே இல்லை என்று பலர் விட்டுவிடுகிறார்கள். வழி இருக்கிறது. டெக்சாஸ் பார்க்ஸ் அண்டு வைல்ட்லைஃப் துறை நடத்தும் வனவிலங்கு மேலாண்மைப் பகுதிகளில் யார் வேண்டுமானாலும் போகலாம், விதிகளுக்கு உட்பட்டு.

உதாரணத்துக்கு ஹூஸ்டனுக்கு வடக்கே இருக்கும் சாம் ஹூஸ்டன் தேசிய வனத்தை எடுத்துக்கொள்கிறேன். ஏறத்தாழ 1,63,000 ஏக்கர் பைன் காடு. நிலம் மத்திய அரசின் வனத்துறைக்குச் சொந்தம், வேட்டை விதிகளைப் பார்த்துக்கொள்வது மாநிலத் துறை. புதியவர்கள் குழம்பும் இடமும் இதுதான். மீனையோ விலங்கையோ பிடிக்க லைசென்ஸ் ஒன்று, அந்த நிலத்தில் வேட்டையாட பெர்மிட் இன்னொன்று. ஒன்று இருந்தால் மற்றது வேண்டாம் என்று எண்ணிவிடாதீர்கள்.

படி 1: மீனில் தொடங்குங்கள்

வேட்டைதான் ஆசை என்றாலும் முதலில் தூண்டிலோடு போவது நல்லது. செலவு குறைவு, ஆபத்து குறைவு, இடமும் பழகும். இதே வனத்துக்குள் ஹண்ட்ஸ்வில் மாநிலப் பூங்கா இருக்கிறது. அதன் நடுவே ரேவன் ஏரி. டெக்சாஸ் மாநிலப் பூங்காவுக்குள் கரையிலிருந்து மீன் பிடிக்க லைசென்ஸ் தேவையில்லை. நுழைவுக் கட்டணம் கட்டினால் போதும். அந்த ஏரியில் முதலை உண்டு, குழந்தைகளைத் தண்ணீர் ஓரத்தில் தனியாக விடாதீர்கள்.

அடுத்த கட்டம் பக்கத்தில் உள்ள கான்ரோ ஏரி. இங்கே 17 வயது ஆனவர்களுக்கு லைசென்ஸ் கட்டாயம். உள்ளூர்வாசிக்கு நன்னீர் லைசென்ஸ் 30 டாலர். ஒரே ஒரு நாளுக்கு என்றால் 11 டாலர் சீட்டு போதும். உள்ளூர்வாசி என்ற கணக்குக்கு டெக்சாஸில் தொடர்ந்து ஆறு மாதம் குடியிருந்திருக்க வேண்டும்.

தேசிய வனத்தின் கரையில் நின்று மீன் பிடிக்கத் தனி நில பெர்மிட் தேவையில்லை. ஆனால் பாலஸ்டைன் ஊர்ப் பக்கம் உள்ள கஸ் எங்கெலிங் போன்ற, மாநிலத்துக்கே சொந்தமான பகுதிக்குப் போனால் கதை வேறு. அங்கே பெரியவர்கள் மீன் பிடிக்கவும் 12 டாலர் பொதுப் பயன்பாட்டு பெர்மிட்டோ, 48 டாலர் வருடாந்திர வேட்டை பெர்மிட்டோ வேண்டும்.

பிடித்ததையெல்லாம் பையில் போட முடியாது. மாநிலப் பொது விதிப்படி பெருவாய் பாஸ் மீன் ஒருவருக்கு நாளைக்கு 5, ஒவ்வொன்றும் 14 அங்குலமாவது இருக்க வேண்டும். நம் குழம்புக்குத் தோதான கெளுத்தி இனத்தில் சேனல், புளூ வகைகள் சேர்த்து 25 வரை எடுக்கலாம், அதில் 20 அங்குலத்துக்கு மேல் 10 மட்டும். வாயை மூடி, வாலைச் சேர்த்துப் பிடித்து அளக்க வேண்டும். ஏரிக்கு ஏரி விதிவிலக்கு உண்டு. கிளம்புமுன் அந்த ஏரியின் பக்கத்தைத் துறையின் தளத்தில் பார்த்துவிடுங்கள்.

படி 2: வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சி

1971 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் எல்லோருக்கும் இது கட்டாயம். 17 வயது முடிந்தவர்கள் முழுவதையும் இணையத்திலேயே முடிக்கலாம். 10 டாலர் கட்டி ஒருமுறை தள்ளிப்போடும் வசதியும் இருக்கிறது. துப்பாக்கியையே பார்த்திராதவர்கள் அதை நாடாதீர்கள் என்பேன். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு இந்தியாவில் வளர்ந்தவர்களுக்கு வேட்டை என்பது தாத்தா காலத்துக் கதை. அடிப்படையைப் படித்துவிட்டுப் போவதே சரி.

படி 3: வீசாவைப் பாருங்கள்

இதை நிதானமாகப் படியுங்கள். எஃப்-1, எச்-1பி, எச்-4 போன்ற தற்காலிக வீசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்க மத்தியச் சட்டம் பொதுவாகத் தடை விதிக்கிறது. சில விதிவிலக்குகள் உண்டு. நமக்குப் பயன்படுவது, அமெரிக்காவில் முறையாகப் பெற்ற, காலாவதியாகாத வேட்டை லைசென்ஸ். வீசா காலம் தாண்டித் தங்கியவருக்கு இந்த விதிவிலக்கு கிடையாது. கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை பொருந்தாது.

அதனால் வரிசை முக்கியம்: முதலில் பயிற்சி, பிறகு லைசென்ஸ், அதற்கு அப்புறம்தான் துப்பாக்கி. நண்பருடையதை வாங்கிச் சும்மா குறிபார்ப்பதும் சட்டத்தின் கண்ணில் ‘வைத்திருத்தல்’ ஆகலாம். இன்னொன்று, டெக்சாஸ் வேட்டை லைசென்ஸ் ஆகஸ்ட் 31 அன்று முடிந்துவிடும். வீட்டில் துப்பாக்கி இருக்க, லைசென்ஸைப் புதுப்பிக்க மறந்தால் செப்டம்பர் 1 முதல் சிக்கல் உங்களுக்குத்தான். சந்தேகம் இருந்தால் குடியேற்ற வழக்கறிஞரைக் கேளுங்கள், வாட்ஸ்அப் குழுவைக் கேட்காதீர்கள். இந்தத் தலைவலியே வேண்டாம் என்பவர்களுக்கு வில்லும் அம்பும் இருக்கிறது. துப்பாக்கிச் சட்டம் அதைத் தொடாது.

படி 4: லைசென்ஸும் பெர்மிட்டும்

உள்ளூர்வாசிக்கு வேட்டை லைசென்ஸ் 25 டாலர். அதோடு மேலே சொன்ன 48 டாலர் வருடாந்திரப் பொது வேட்டை பெர்மிட். இது இல்லாமல் சாம் ஹூஸ்டன் வனத்தில் வேட்டையாட முடியாது. நடக்கவோ கூடாரம் போடவோ இது தேவையில்லை. 17 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு இந்த பெர்மிட் வேண்டாம், ஆனால் பெர்மிட் உள்ள பெரியவர் கூடவே இருக்க வேண்டும். புறா, வாத்து போன்ற வலசைப் பறவைகளுக்குக் கூடுதலாக 7 டாலர் ஒப்புதல் முத்திரை. வாத்துக்கு மத்திய அரசின் முத்திரையும் சேரும். கட்டணங்கள் மாறக்கூடியவை, வாங்கும்போது சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

லைசென்ஸும் பெர்மிட்டும் ஒரே நாளில் காலாவதியாகும். ஜூலையில் வாங்கிக் காசை வீணாக்காதீர்கள்.

காசு எங்கே போகிறது என்று கேட்பவர்களுக்கு: 1937 முதல் துப்பாக்கி, தோட்டா விற்பனையில் வசூலாகும் மத்திய வரி, வனவிலங்குப் பாதுகாப்புக்காக மாநிலங்களுக்குத் திரும்புகிறது. எத்தனை பேர் லைசென்ஸ் வாங்கினார்கள் என்பதையும் வைத்தே பங்கு பிரிக்கிறார்கள்.

படி 5: எல்லையைத் தெரிந்துகொள்ளுங்கள்

வரைபடத்தில் ஒரே பச்சையாகத் தெரியும் இந்த வனத்துக்குள் தனியார் நிலங்கள் திட்டுத் திட்டாக இருக்கின்றன. ஜி.பி.எஸ் வரைபடத்தைப் போனில் முன்கூட்டியே இறக்கிவையுங்கள், உள்ளே சிக்னல் நம்பகமில்லை. மரத்தில் செங்குத்தாக ஊதா நிறப் பூச்சு கண்டால் அங்கேயே நின்றுவிடுங்கள். டெக்சாஸ் சட்டப்படி அது ‘உள்ளே வராதே’ பலகைக்குச் சமம். அடிபட்ட விலங்கு அந்தப் பக்கம் ஓடிவிட்டாலும் நில உரிமையாளரின் அனுமதி இல்லாமல் கால் வைக்கக் கூடாது.

படி 6: போகும் நாள்

பகல் வேட்டைக்கு ஒளிரும் ஆரஞ்சு உடை அவசியம்: மொத்தம் 400 சதுர அங்குலம், அதில் மார்பிலும் முதுகிலும் தலா 144 சதுர அங்குலமாவது தெரிய வேண்டும், தலையிலும் ஆரஞ்சுத் தொப்பி. வான்கோழி, வலசைப் பறவை வேட்டைக்கு விலக்கு உண்டு. வீடு, முகாம், பொழுதுபோக்கு இடங்களிலிருந்து 150 கஜத்துக்குள் சுடக் கூடாது. சாலைக்குக் குறுக்கேயும் கூடாது. இரை தூவி விலங்கை வரவழைப்பதும் மரத்தில் ஆணி அடிப்பதும் தவறு.

எதை முதலில்? என் ஓட்டு அணிலுக்கு. கிழக்கு டெக்சாஸில் அக்டோபர் முதல் பிப்ரவரி வரை காலம், நாளைக்கு 10 வரை எடுக்கலாம். மான் வேட்டைக்குத் தேவையான பொறுமையை அணில் கற்றுத்தரும். எல்லோரும் கேட்கும் காட்டுப்பன்றிக்கு வருவோம். உரிமையாளர் சம்மதத்துடன் தனியார் நிலத்தில் அதற்கு லைசென்ஸே வேண்டாம் என்று 2019இல் விதி மாறியது. பொது நிலத்துக்கு அந்தச் சலுகை இல்லை. எந்த நாட்களில், எந்த ஆயுதத்தால் என்பதைப் பகுதிவாரியாக அந்த ஆண்டுக் கையேட்டில் பார்க்க வேண்டும்.

மான் விழுந்தால் நகர்த்துவதற்கு முன் லைசென்ஸிலுள்ள சீட்டில் தேதியைக் குறித்து, அதை மானோடு கட்டுங்கள். வேட்டை விதிகளைக் கண்காணிக்கும் அதிகாரியான கேம் வார்டன் வந்து கேட்டால், துப்பாக்கியைத் தரையை நோக்கிப் பிடித்துக்கொண்டு லைசென்ஸை அமைதியாகக் காட்டுங்கள்.

நவம்பர் முதல் சனிக்கிழமை மான் துப்பாக்கிக் காலம் தொடங்கும், கூட்டம் நெரியும். முதல் பயணத்தை ஜனவரி வார நாளுக்குத் தள்ளிவையுங்கள். குடும்பம் அந்த நேரத்தில் இதே வனத்துக்குள் செல்லும் லோன் ஸ்டார் நடைபாதையில் நடக்கப் போகிறது என்றால் அவர்களுக்கும் ஆரஞ்சு மேலங்கி வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.