சம்பா வயலில் எலிக்குக் கிட்டி வைப்பது எப்படி?

மன்னார்குடி பக்கம் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் நஞ்சை. இரண்டு வருடத்துக்கு முன் சம்பாப் பயிர் பொதி கட்டும் நேரம், அதாவது கதிர் இன்னும் தண்டுக்குள்ளேயே இருக்கும் பருவம். வரப்பில் நின்று பார்த்தால் எல்லாம் பச்சையாக, நன்றாகத்தான் தெரிந்தது. களை பார்க்க உள்ளே இறங்கினால், நடு வயலில் பாய் விரித்தது போல வட்ட வட்டமாகத் தூர்கள் அறுந்து கிடக்கின்றன. எலி பெரும்பாலும் ஓரத்தை விட்டுவிட்டு நடுவில்தான் வெட்டும். அறுந்த தண்டைக் கையில் எடுத்துப் பாருங்கள், கத்தியால் சாய்வாகச் சீவியது போல இருக்கும். குருத்துப்பூச்சி என்றால் குருத்து காய்ந்து, இழுத்ததும் கையோடு வந்துவிடும். இதைக் குழப்பிக்கொண்டு மருந்து அடிக்காதீர்கள்.

அந்த வருடம் அறுபது கிட்டி, அதாவது மூங்கில் வில் பொறி, வாங்கி வைத்தேன். இரண்டு ராத்திரியில் மூன்று எலி. போன சம்பாவில் அதே அறுபது கிட்டிதான், முதல் ராத்திரியே இருபதுக்கு மேல். மாறியது வைத்த இடம் மட்டும்.

எப்போது ஆரம்பிப்பது

நட்ட ஒரு மாதத்துக்குள் ஒரு சுற்று, பொதிப் பருவத்துக்கு முன் இன்னொரு சுற்று. கதிர் பால் பிடித்த பிறகு வைத்துப் பயனில்லை. தலைக்கு மேல் நெல் தொங்கும்போது எலி எதற்கு உங்கள் தேங்காய்த் துண்டைத் தேடி வரும்? தவிர, கதிர் வரும் சமயத்தில்தான் அது குட்டி போடும். சினைக்காலம் மூன்று வாரம்தான். பொதிக்கு முன் ஒரு பெட்டையைப் பிடித்தால் ஒரு குடும்பத்தையே தடுத்த மாதிரி.

உயிருள்ள வளையைக் கண்டுபிடிப்பது

நான் தவறியது இங்கேதான். வரப்பில் திறந்து கிடந்த வளை வாய் ஒவ்வொன்றிலும் ஒரு கிட்டி வைத்திருந்தேன். ஊருக்கு எலி பிடிக்க வரும் பெரியவர் அதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, தொறந்து கெடக்குற வளையில எலி இருக்காது. உள்ள இருக்குறது வாசலை மண்ணு வச்சு அடைச்சுக்கும்."

நம் வயலில் அதிகச் சேதம் செய்யும் வரப்பெலி அப்படித்தான். உள்ளே போனதும் வாசலை மண்ணால் மூடிவிடும். திறந்த ஓட்டை பெரும்பாலும் பழைய வளை, அல்லது நண்டு வளை. நீங்கள் தேட வேண்டியது ஓட்டையை அல்ல, புது மண் குவியலை. ஈரம் காயாத, பொடிப்பொடியான மண்.

சாயங்காலம் வரப்பு முழுக்க நடந்து எல்லாக் குவியலையும் காலால் மிதித்துத் தட்டையாக்குங்கள். திறந்த ஓட்டைகளைச் சேறு வைத்து அடையுங்கள். மறுநாள் விடியற்காலையில் திரும்ப நடந்தால், எங்கே புது மண் தள்ளியிருக்கிறதோ, எங்கே அடைத்த சேறு உடைந்திருக்கிறதோ அங்கே எலி இருக்கிறது. அந்த இடத்தில் ஒரு குச்சி நடுங்கள். எங்கள் வரப்பில் எழுபதுக்கு மேல் ஓட்டை அடைத்தேன், பதினொன்றில்தான் உயிர் இருந்தது. கையை மட்டும் உள்ளே விடாதீர்கள். எலி விட்டுப்போன வளையில் நல்ல பாம்பு படுத்திருக்கும்.

கிட்டி வைப்பது

தஞ்சாவூர்க் கிட்டி என்றால் வளைத்த மூங்கில் வில், அதை இழுத்துப் பிடிக்கும் கயிறு, இரை கட்டும் சிறு குச்சி. எலி இரையை இழுத்ததும் குச்சி விலகும், வில் விரிந்து கயிறு கழுத்தை இறுக்கும். இரும்புப் பொறியைவிட எனக்கு இதுதான் பிடித்தது. துருப்பிடிக்காது, உடைந்தால் நாமே கட்டிக்கொள்ளலாம். வில் விறைப்பாக இருக்கிறதா என்று வாங்கும்போதே வளைத்துப் பாருங்கள். தொய்ந்த கிட்டி எலியைக் கொல்லாமல் துடிக்க விடும். அந்தக் கொடுமை வேண்டாம்.

எண்ணிக்கை ஏக்கருக்கு நாற்பது. வளை வாயில் வைக்காமல், குச்சி நட்ட இடத்திலிருந்து பயிருக்குள் போகும் தடத்தில் வையுங்கள். உட்கார்ந்து தூர்களுக்கு நடுவே பார்த்தால் வழவழவென்று தேய்ந்த ஒரு சின்ன ஒற்றையடிப் பாதை தெரியும். அதன் ஓரத்தில், இரை பாதையைப் பார்த்து இருக்கும்படி ஊன்றுங்கள்.

முதல் இரண்டு ராத்திரி வில்லை ஏற்றாமல் வெறும் இரையை மட்டும் கட்டி விடுங்கள். எலிக்குப் புதுப் பொருள் என்றால் சந்தேகம். தின்று பழகிய மூன்றாம் ராத்திரி ஏற்றுங்கள். இரைக்கு நெருப்பில் வாட்டிய தேங்காய்த் துண்டைத்தான் சொல்வேன். கருவாடும் நன்றாக இழுக்கும், ஆனால் நாயையும் சேர்த்து இழுத்துவிடும். ஒவ்வொரு கிட்டிக்குப் பக்கத்திலும் வெள்ளைத் துணிக் கிழிசல் கட்டுங்கள், இல்லாவிட்டால் காலையில் பாதியைத் தேடியே பொழுது போகும். விடிவதற்குள் எடுத்துவிடுங்கள்.

பக்கத்து வயல்காரரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் மட்டும் பிடித்தால் ஒரே வாரத்தில் அவர் வரப்பிலிருந்து இங்கே குடி வந்துவிடும். வரப்பை ஒன்றரை அடி அகலத்துக்கு மேல் விடாமல் ஒடுக்கி வெட்டினால் வளை தோண்டவும் இடமிருக்காது.

கறிக்கு

வரப்பெலிக் கறி எங்கள் பக்கம் பலர் விரும்பிச் சாப்பிடுவது. கிட்டியில் விழுந்து ராத்திரி முழுக்கச் சேற்றில் கிடந்ததை நான் சமைப்பதில்லை. அறுவடை முடிந்து, பானையில் வைக்கோல் புகை போட்டு, வளையை வெட்டி உயிரோடு பிடித்தது மட்டுமே. வைக்கோல் தீயில் மயிரைப் பொசுக்கிச் சுரண்டி, மஞ்சள் தேய்த்துக் கழுவி, குடலை முழுதாக எடுத்துவிட்டு நன்றாக வேகவிட வேண்டும். சுத்தம் செய்யும்போது கையுறை கட்டாயம். கையில் காயம் இருந்தால் எலிக்காய்ச்சல் வர அதுவே வழி. சுற்று வட்டத்தில் யாராவது எலி மருந்து வைத்திருந்தால் அந்த எலியைத் தொடவே வேண்டாம்.

பிறகு சேர்த்தது

இரை காணாமல் போகிறது, கிட்டி அப்படியே நிற்கிறது என்று நாலைந்து பேர் எழுதியிருந்தார்கள். அது நண்டு. இரையைச் சேற்றிலிருந்து நாலு விரல் உயரத்தில் இருக்கும்படி கட்டுங்கள்.

கிட்டிக்குப் பதில் கம்பி கட்டி மின்சாரம் விடலாமா என்று ஒருவர் கேட்டார். கூடவே கூடாது. அது குற்றம். எலிக்கு வைத்த கம்பியில் தண்ணீர் பாய்ச்சப் போனவர்கள் செத்திருக்கிறார்கள்.

ஆந்தைக்குத் தென்னை மட்டை நடுவதைப் பற்றிக் கேட்டவர்களுக்கு: ஏக்கருக்கு இருபது போதும், தலைகீழாக நடுங்கள். கூகை அதில் உட்கார்ந்து எலி பிடிக்கும். பால் பிடித்ததும் பிடுங்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் பகலில் சில்லைகள் வரிசையாக உட்கார்ந்து நெல்லைத் தின்னும்.

கடலைக் கொல்லையில் முயல் வருகிறது, இதே கிட்டி வைக்கலாமா என்றும் கேட்கிறார்கள். முயலைப் பிடிப்பது 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், அதற்குக் கிட்டி வைக்காதீர்கள். பழைய மீன் வலையைக் கொல்லையைச் சுற்றி இரண்டடி உயரத்துக்குக் கட்டி, அடிப்பக்கத்தை மண்ணில் புதைத்துவிடுங்கள். என் மாமா கொல்லையில் முளை விட்ட நாளிலிருந்து இருபது நாள் அப்படித்தான் காத்தோம். செடி முற்றிய பிறகு முயல் அந்தப் பக்கம் அவ்வளவாக வரவில்லை.